முளைக்காத மீசை

விராலிமலை வேலவன் துணை

கண்டி
சித்திரபானு வருடம் ஆடி மாதம் 9

அன்புள்ள லெட்சுமணன் மச்சானுக்கு, அழகமுத்து கும்பிட்டு எழுதுவது.

நான் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஏன் எழுத முடியவில்லை என்பதைக் கீழே சொல்கிறேன். அங்கம்மா அக்காவும் பிள்ளைகளும் சுகந்தானே? அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி?

அப்பாவைப் பற்றி இந்த முறையும் தகவல் இல்லை. புசல்லாவையில் அவர் இருந்த கோப்பித் தோட்டத்தில் இலைநோய் விழுந்து மரங்கள் மொட்டையாகிவிட்டன, ஆட்கள் கலைந்துவிட்டார்கள் என்று கேள்வி. வேறு தோட்டம் பிடித்திருப்பார். எழுதவும் தெரியாது, ஒருவரைக் கொண்டு எழுதச் சொல்லவும் மாட்டார். அம்மாவிடம் அப்பா சௌக்கியம் என்றே சொல்லிவையுங்கள்.

இப்போது என் கதை. மீசைக்குள்ளே சீழ்க்கொப்புளம் வந்து மாசக்கணக்காக ஆறவில்லை. சவரம் செய்தால் இன்னும் பரவுகிறது. நான் டாக்டர் துரை வீட்டில் மேசைக்குப் பரிமாறுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். சீழ் வடியும் உதட்டோடு சூப்புத் தட்டைத் தூக்கி வந்தால் யார் குடிப்பார்கள்? துரைசாணி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போன வாரம் துரை கூப்பிட்டு, “வேலையை விடு, இல்லாவிட்டால் அந்தக் கதிரையில் உட்கார்” என்றார்.

அந்தக் கதிரை எப்படிப்பட்டது என்றால், பக்கத்தில் ஒரு மின்சாரப் பெட்டி இருக்கிறது. அதிலிருந்து வரும் கம்பியின் நுனியில் மெல்லிய ஊசி. ஒவ்வொரு மயிரின் வேருக்குள்ளும் அதை விட்டு வேரையே சாகடிப்பாராம். அமெரிக்காவில் ஒரு டாக்டர் கண்டுபிடித்ததாம். வேர் போனால் கொப்புளமும் போகும். ஆனால் மீசை திரும்ப முளைக்காது, ஆயுசுக்கும் முளைக்காது.

அப்பனும் அம்மாவும் உயிரோடு இருக்க மகன் மீசையை எடுப்பதா? ஒரு வழி சொல்லுங்கள். அம்மாவுக்கும் அக்காவுக்கும் இது தெரிய வேண்டாம்.

உங்கள்
அழகமுத்து


மேலப்பட்டி
ஆவணி மாதம் 6

மாப்பிள்ளை அழகமுத்துவுக்கு லெட்சுமணன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், மழைதான் இல்லை. அத்தைக்கு முழங்கால் தேவலை, கோயில் படி ஏறி இறங்குகிறார்.

கடிதம் படித்தேன். மீசை இல்லாத உன் முகத்தை நினைத்துப் பார்த்தேன். அங்கம்மாவுக்கு ஒரு தங்கச்சி கிடைத்த மாதிரி இருக்கும். சிரித்து முடித்தபின் பயம் வந்தது. வேண்டாமப்பா. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போடு. துரை வேலை போனால் வேறு வேலை. மொட்டை உதட்டோடு நம் ஊர் எல்லைக்குள் நீ கால் வைத்தால் என்ன நடக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா?

அத்தை தினமும் உன் அப்பாவைக் கேட்கிறார். நான் தினமும் சௌக்கியம் என்கிறேன். வாய் கூசுகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

லெட்சுமணன்


கண்டி
புரட்டாசி மாதம் 14

மச்சானுக்கு நமஸ்காரம். சுகம் விசாரிக்கக்கூட மனசு நிலைகொள்ளவில்லை. அவசரமாக எழுதுகிறேன், இதைப் படித்தவுடன் எழுந்து செய்ய வேண்டிய காரியம் இருக்கிறது.

உங்கள் கடிதம் வந்தபோது என் இடது பக்கத்து மீசை போய்விட்டது. துரைசாணி வேறு ஆள் பார்க்கத் தொடங்கியதால் உங்கள் மறுமொழி வரும்வரை என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு பக்க மீசையோடு என்ன செய்வது? மறுபக்கத்தையும் கொடுத்தேன்.

ஈரப் பஞ்சு ஒன்றைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொல்வார். ஊசி வேருக்குள் போனதும் சுருக்கென்று எரியும், வாயில் செம்புக் காசைச் சப்பின ருசி வரும். ஊசியைச் சுற்றி வெள்ளையாகச் சின்ன நுரை கிளம்பும். பிறகு மயிர் இழுக்காமலே கழன்று வந்துவிடும். ஒரு நாளில் கொஞ்சம்தான் ஆகும். அந்த இடம் ஆறியபின் அடுத்தது. இப்படியே ஆடியில் தொடங்கி இப்போது முடிந்தது. புண் முழுக்க ஆறிவிட்டது, அதைப் பொய் சொல்ல மாட்டேன்.

கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் வீட்டுப் பெண் கைரியாவும் இதற்கென்று மூடுவண்டியில் வருகிறாள். தாடையில் ஆண்பிள்ளைக்குப் போல மயிர், கண்ணோரம் ஒரு மரு. மருவிலும் அதே ஊசிதான்; கருத்துச் சுருங்கி உதிர்ந்தது. “தம்பி, இது திரும்ப வராதுன்னு தொர சத்தியமா சொல்றாரா?” என்று வரும்போதெல்லாம் என்னைக் கேட்பாள். வராது அக்கா என்பேன். அவள் சந்தோஷத்தில் அழுவாள். நான் என் உதட்டைத் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

இப்போது விஷயம். முந்தாநாள் கண்டி ஸ்டேஷன் பக்கம் பாண் ரொட்டிக் கூடையோடு போனேன். தோட்டம் மூடி ஊருக்குத் திரும்புகிற கூட்டத்தில் நம் மேலத்தெருக் கணபதி நின்றான். என்னைப் பார்த்தான், என் உதட்டைப் பார்த்தான். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, துக்கம் கேட்கிறவன் நீட்டுவது போல இரண்டு கையையும் நீட்டினான். நான் என்ன செய்தேன் தெரியுமா? கூடையைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைத் தொட்டு வாங்கினேன்! சாவு வீட்டில் நீட்டின கையைத் தொடுவது நமக்கு ஊறிப்போன பழக்கம். புத்தி பின்னால்தான் வந்தது. “மாமா நல்ல மனுசன்டா” என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு மாத்தளை ரயிலில் ஏறிவிட்டான். நான் கத்தினது அவன் காதில் விழவில்லை.

அம்மா ஊரில் உயிரோடு இருப்பது அவனுக்குத் தெரியும். ஆகையால் போனது அப்பா என்றுதான் எண்ணியிருப்பான். மாத்தளையிலிருந்து மன்னாருக்கு நடந்து போகிறான். இந்தக் கடிதம் கொழும்புக் கப்பலில் வருவதால் முந்தும். மச்சான், அவனை ஊருக்கு வெளியிலேயே மறித்துவிடுங்கள். அம்மா காதில் அது விழக்கூடாது.

அழகமுத்து


மேலப்பட்டி
ஐப்பசி மாதம் 11

மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். அங்கம்மாவும் பிள்ளைகளும் சுகம்.

உன் கடிதம் கணபதிக்கு முன்பே வந்துவிட்டது. அத்தையிடம் ஒன்றும் சொல்லாமல், அவனை வழியிலேயே பிடித்து வாயை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கடையைப் பூட்டிவிட்டு ரோட்டையே பார்த்துக் கிடந்தேன். அவன் கண்மாய்க் கரை வழியாக வந்து நேரே அத்தை வாசலில் துண்டைப் போட்டு உட்கார்ந்து அழுதிருக்கிறான். நான் ஓடிப்போவதற்குள் தெருவே கூடிவிட்டது.

ஊரார் முன்னால் உன் இரண்டு கடிதங்களையும் எடுத்துப் படித்தேன். பெட்டிக்குள் மின்சாரம், ஊசி, நுரை, வேர் சாகிறது என்று நான் படிக்கப் படிக்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். “பெத்தவளைத் தேத்த புள்ள கதை கட்டுறான்” என்றார் நாட்டாமை. அத்தை என்னைக் கேட்டது ஒன்றுதான். “கடுதாசி முன்னாடியே வந்துச்சுங்கிறீங்களே மாப்பிள்ளை, அப்பவே ஏன் சொல்லல? நீங்களும் சேந்து மறைக்கிறீங்களா?” கணபதியோ நீ கையைத் தொட்டாய் என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறான்.

உன் அப்பாவைக் கண்ணால் கண்டதாக உன் கடிதத்தில் ஒரு வரி இருந்திருந்தால் போதும். அது இல்லையே. தேடு. உடனே போய்த் தேடு.

லெட்சுமணன்


கண்டி
கார்த்திகை மாதம் 8

மச்சானுக்கு, எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும் என்ற நினைப்போடு எழுதுவது.

துரையிடம் காலில் விழாத குறையாக லீவு வாங்கிப் புசல்லாவைக்குப் போனேன். அப்பா இருந்த தோட்டத்தில் கோப்பி மரங்களைப் பிடுங்கி அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆட்கள் குடியிருந்த லயத்தில் ஆடு கட்டிக் கிடக்கிறது. ஒரு வண்டிக்காரச் சிங்களவர், அந்த ஆட்களைக் கங்காணி நாவலப்பிட்டிப் பக்கம் கூட்டிப் போனதாகச் சொன்னார். அங்கே போய் இரண்டு தோட்டம் அலைந்தேன். அப்பா பேரைச் சொன்னேன், காளிமுத்து என்று ஒருவர் இல்லை என்றார்கள். காய்ச்சலில் நிறையப் பேர் போய்விட்டார்களாம், பேர் எல்லாம் யாருக்கு ஞாபகம் என்றார்கள். மழை விடவே இல்லை.

போகிற இடமெல்லாம் நம் ஆட்கள் என் உதட்டைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டுகிறார்கள். இப்போது நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். திமிர் பிடித்தவன் என்று போகிறார்கள். போகட்டும். எனக்கு இருக்கிற பயமே வேறு. ஒருவேளை அப்பா நிஜமாகவே போயிருந்தால்? நான் மீசையைக் கொடுத்த அதே நாளில் அவர் போயிருந்தால்? பைத்தியக்கார நினைப்பு என்று தெரிகிறது, ஆனாலும் விடமாட்டேன் என்கிறது.

அம்மா எப்படி இருக்கிறாள்? ஊரார் என்ன முடிவு செய்தார்கள்? அதை எழுதுங்கள்.

அழகமுத்து


மேலப்பட்டி
கார்த்திகை மாதம் 27

மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். எல்லாரும் நலம். இங்கே நல்ல மழை. செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளைச் சுழி, பார்க்க லட்சணம். சின்னவனுக்குப் பல் முளைத்துவிட்டது. அத்தை சுகம். அப்பா கிடைத்தாரா? உடனே எழுது.

லெட்சுமணன்


கண்டி
மார்கழி மாதம் 13

மச்சானுக்கு நமஸ்காரம்.

கன்றுக்குட்டியின் நெற்றிச்சுழிக்கு ஒரு வரி, என் அம்மாவுக்கு இரண்டே சொல். என்னைச் சின்னப்பிள்ளை என்று நினைத்தீர்களா?

நேற்று துரையிடம், ஏதாவது மருந்து போட்டால் நாலு மயிராவது முளைக்குமா என்று கெஞ்சிக் கேட்டேன். பூதக்கண்ணாடியை வைத்து உதட்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஒன்றுகூட இல்லை என்று அவருக்கு ஒரே சந்தோஷம். என்னைப் படம் பிடித்து லண்டனுக்கு அனுப்பப் போகிறாராம். அவர் கைவேலை அவ்வளவு சுத்தம். நான் அழுததைப் பார்த்து நன்றியில் அழுகிறேன் என்று முதுகில் தட்டினார்.

நாவலப்பிட்டிக்கு அப்பால் காடு வெட்டித் தேயிலை போடுகிற இடத்தில் ஒரு காளிமுத்து இருப்பதாக ஒரு வண்டிக்காரன் சொன்னான். தைப்பொங்கல் லீவில் போகிறேன். அதற்குள் உண்மையை எழுதுங்கள். அம்மா கழுத்தில் தாலி இருக்கிறதா?

அழகமுத்து


மேலப்பட்டி
மார்கழி மாதம் 22

மாப்பிள்ளை,

சுகம் விசாரித்து எழுதினால் நீ திட்டுவாய், நேரே சொல்லிவிடுகிறேன். இல்லை.

கணபதி வந்த நாளிலிருந்து எண்ணிப் பதினாறாம் நாள் கருமாதி செய்துவிட்டார்கள். நான் முடிந்தமட்டும் தடுத்தேன். காரியம் செய்யாமல் விட்டால் போனவர் ஆவி அலையும், அந்தப் பாவத்தை நீ சுமப்பாயா என்று கேட்டார்கள். மாப்பிள்ளை என்கிற மரியாதை அன்றைக்கு எதற்கும் உதவவில்லை.

அத்தையை யாரும் வற்புறுத்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தாலியை வாங்க வந்த கிழவிகள் கையை விலக்கிவிட்டுத் தானே கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டார். “கடுதாசி போடாத மனுசன், கடைசியில புள்ள மொகத்துல எழுதி அனுப்பிட்டாரு” என்றார். அதற்குப் பிறகு வாசலுக்கு வருவதில்லை. அங்கம்மா ஊட்டினால் ஒரு வாய் வாங்குகிறார்.

உன்னிடம் மறைத்தது நீ தேடுவதை விட்டுவிடக் கூடாதே என்றுதான். உயிரோடு இருந்தால் எப்படியாவது இழுத்துக்கொண்டு வா. கோயிலில் வைத்து மறுபடி கட்டச் சொல்லலாம், பூசாரியிடம் பேசிவைத்திருக்கிறேன்.

லெட்சுமணன்


கண்டி
தை மாதம் 10

மச்சானுக்கும் அக்காவுக்கும் நமஸ்காரம். அம்மாவை உட்கார வைத்து இதை முழுக்கப் படித்துக் காட்டுங்கள். ஒரு வரியையும் விழுங்க வேண்டாம். மறைத்துத்தான் இவ்வளவும் வந்தது.

அப்பா உயிரோடு இருக்கிறார். கண்ணால் கண்டேன், நேரில் பேசினேன்.

காட்டோரம் புதிதாகப் போட்ட லயத்தின் கடைசி அறை. வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். நரைத்துவிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், என் உதட்டைப் பார்த்ததும் கத்தி கையிலிருந்து விழுந்தது. “ஐயோ, பேச்சி போயிட்டாளா!” என்று அம்மா பேரைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் சொல்ல வாயெடுக்கவே விடவில்லை. “கடைசியா என்னைக் கேட்டாளாடா? மூஞ்சிய ஒருதரம் காட்டாமப் போயிட்டேனே” என்று குழந்தை மாதிரி அழுதார். இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினார். நான் தொடவில்லை.

அழுகுரல் கேட்டு உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். பாலம்மா என்று பேர். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. புசல்லாவையில் அப்பா காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊற்றியவளாம். குழந்தைக்கு அப்பாவின் மூக்கு. எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

“அம்மா சாகலப்பா. நீங்கதான் செத்துட்டீங்க” என்றேன். டாக்டர் ஊசி முதல் கருமாதி வரை எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க அழுகை நின்றுபோய், முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாலம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“தாலிய எடுத்துட்டாளா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“அப்ப அப்படியே இருக்கட்டும்டா. செத்தவனா இருந்தா அவளுக்கு மானம். உயிரோட இருந்தா கேவலம். நீயும் என்னைப் பாக்கலன்னு எழுதிடு.”

வந்தால் கோயிலில் மறுபடி தாலி கட்டலாம் என்று நீங்கள் எழுதியதைச் சொன்னேன். அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். வரமாட்டார் மச்சான்.

திரும்பி வருகிற வழியெல்லாம், அவர் சொன்னபடி பார்க்கவில்லை என்று எழுதிவிடலாமா என்று யோசித்தேன். அதுதான் சுலபம். என் முகம் ஒரு பொய் சொன்னது போதும் என்று தோன்றியது. அம்மா என்னைத் திட்டட்டும், இல்லை மன்னிக்கட்டும். என்ன சொன்னாலும் அவள் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள். நான் சாப்பிட்டு நாலு நாள் ஆகிறது.

அழகமுத்து


மேலப்பட்டி
மாசி மாதம் 2

மாப்பிள்ளைக்கு, லெட்சுமணன் எழுதினாலும் இது அத்தையின் கடிதம். நீ கேட்டபடி சொல் மாற்றாமல் எழுதுகிறேன். உன் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார். இரண்டாம் முறை உன் அப்பா அழுத இடத்தில் நிறுத்தச் சொல்லி, அதை மட்டும் இன்னொரு தரம் கேட்டார்.

“ஐயா அழகு, மொதல்ல சாப்புடு. உன்மேல எனக்குக் கோவமில்ல. புண்ணு ஆறணும்னுதானே பண்ணுனே. ஆறிடுச்சுல்ல, அது போதும். கணபதி வந்து கால்ல விழுந்தான். அவன் மேலயும் தப்பில்லன்னு எந்திரிக்கச் சொல்லிட்டேன்.

“அங்கம்மா குங்குமத்த வச்சுக்கிட்டு நிக்கிறா. வேணாம்னுட்டேன். பூசாரிகிட்டயும் வேணாம்னு சொல்லச் சொல்லிட்டேன். ஊர்ல கேட்டா அவரு உசுரோட இருக்காருன்னே சொல்லுவேன், எனக்கென்ன பயம்? எங்க இருக்காரு, யாரோட இருக்காருன்னு கேட்டாலும் சொல்லுவேன். அந்தப் பொண்ண நீ ஒண்ணும் பேசிடாத. கஞ்சி ஊத்துனவ. அந்தப் புள்ளைக்கு ஒரு சட்டைத்துணி வாங்கிக் குடு, உனக்குத் தங்கச்சி.

“அவருக்காக நான் பதினாறு நாள் அழுதேன். பொய்யா அழல. எனக்காக அவரும் மண்ணுல உக்காந்து அழுதாருன்னு எழுதியிருக்கே. அதுக்கு மேல எங்களுக்குள்ள என்ன பாக்கி? எல்லாம் ஆயிப்போச்சு.

“நெசமாவே அவரு போற அன்னிக்கு எனக்குக் கடுதாசி போடாத. எடுக்குறதுக்கு உனக்கு மீசை இல்ல, எனக்குத் தாலி இல்ல. ஆத்துல ஒரு முழுக்குப் போட்டுட்டு வேலைக்குப் போ.”

அத்தை சொன்னது இவ்வளவுதான். எழுதி முடித்ததும் எழுந்து வாசலுக்குப் போய் நின்றார். கருமாதிக்குப் பிறகு இன்றைக்குத்தான் போகிறார்.

லெட்சுமணன்